டவர் வைக்கிறோம் என்று பணம் கேட்டால் கட்டாதீர்கள் (திருவொற்றியூர் அனுபவம்)

என் மாமனார் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். திருவொற்றியூரில் சொந்த வீடு, மேலே காலி மொட்டை மாடி. அவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கடிதம் வந்தது. உங்கள் மாடி 5ஜி டவருக்குத் தேர்வாகியிருக்கிறது. அட்வான்ஸ் 30 லட்சம், மாத வாடகை 35,000, வீட்டில் ஒருவருக்கு வேலை. மேலே மூன்று சிங்கம், ஓரத்தில் ஒரு கம்பெனி லோகோ, அடியில் டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) பெயரில் ரப்பர் ஸ்டாம்ப். பதிவுக் கட்டணம் வெறும் 2,850 ரூபாய். வீட்டில் மூச்சு விடாமல் கட்டிவிட்டார்.

விஷயம் வெளியே கசிந்ததும் தெரு இரண்டாகப் பிரிந்துவிட்டது. பிள்ளைகள் இருக்கிற தெருவில் டவரா என்று எதிர்வீட்டு அக்கா சண்டைக்கே வந்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். 2023 டிசம்பரில் எண்ணூரில் நடுராத்திரி அமோனியா கசிந்து ஜனங்கள் வீட்டை விட்டு ஓடியதைப் பார்த்த பகுதி இது. 'பயப்பட ஒன்றுமில்லை' என்று யார் சொன்னாலும் இங்கே எடுபடாது. இன்னொரு பக்கம், ஓடிபி வாங்க வாசலுக்கு ஓட வேண்டியிருக்கிறதே, டவர் வந்தால்தான் விடிவு என்கிறவர்கள். இந்தியாவில் டவர் கதிர்வீச்சுக்கான வரம்பு சர்வதேசப் பரிந்துரையில் பத்தில் ஒரு பங்கு, 2012 செப்டம்பரிலிருந்து அமலில் இருக்கிறது என்று இவர்கள் ஃபார்வர்டு செய்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011-லேயே இந்த அலைகளைச் சந்தேகப் பட்டியலில் வைத்துவிட்டது என்று அவர்கள் பதிலுக்கு அனுப்பினார்கள். இரண்டுமே உண்மைதான். ஆனால் டவர் நிஜமாகவே வருகிறதா என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை.

அந்தச் சண்டையே ஏமாற்றுகிறவனுக்கு வசதியாகிவிட்டது. 'தெருவில் எதிர்ப்பு அதிகமா இருக்கு சார்' என்று மாமா போனில் புலம்பியிருக்கிறார். 'கவலையே படாதீங்க ஐயா, ஆட்சேபணை இல்லாச் சான்றிதழ் வாங்கிட்டா யாரும் வாய் திறக்க முடியாது' என்று 27,000 கேட்டிருக்கிறான். பணம் போன கொஞ்ச நேரத்தில் சான்றிதழ் வந்துவிட்டது. அரசாங்க ஆபீஸில் எந்தக் காகிதம் அப்படி வந்திருக்கிறது? அப்புறம் ஒப்பந்தப் பத்திரத்துக்கு 18,500, அட்வான்ஸை விடுவிக்க முன்கூட்டியே வரி என்று 42,000.

அந்தச் சான்றிதழை என் கணவர் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் குட்டு உடைந்தது. எங்கள் வீட்டுக்குப் பழைய எண், புதிய எண் இரண்டும் உண்டு. மாமா வாட்ஸ்அப்பில் அவசரத்தில் இரண்டையும் மாற்றி அடித்திருந்தார். 'அரசு' சான்றிதழிலும் அதே மாற்றம், அப்படியே. பணம் போன கணக்குகளைப் பார்த்தால் எல்லாமே தனிநபர் பெயர்கள். ஒன்றில்கூடக் கம்பெனி பெயர் இல்லை.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளில் ஒருத்தர்கூட வந்து மாடியை ஏறிப் பார்க்கவில்லை. உண்மையான கம்பெனி என்றால் முதலில் ஆள் நேரில் வந்து சிக்னல் அளப்பார்கள், வீட்டுப் பத்திரத்தைப் பார்ப்பார்கள், தூண்களும் தளமும் பாரம் தாங்குமா என்று கட்டட உறுதிச் சான்று எடுப்பார்கள். மழைக்கு ஒழுகுகிற எங்கள் மாடியைப் பார்த்தால் பாதிப் படியிலேயே திரும்பியிருப்பார்கள். அனுமதி வாங்குவது கம்பெனியின் வேலை, வாடகை கொடுப்பதும் அவர்கள்தான். வீட்டுக்காரர் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டியதில்லை. டிராயோ தொலைத்தொடர்புத் துறையோ டவர் வைக்க வீட்டுக்காரரிடம் கட்டணம் வாங்குவதும் இல்லை, இப்படிச் சான்றிதழ் கொடுப்பதும் இல்லை. இதை அவர்களே பலமுறை அறிவித்திருக்கிறார்கள்.

உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்குப் போன் செய்தோம். கடைசியாகப் போன 42,000 மட்டும் இன்னும் எடுக்கப்படாமல் இருந்ததால் வங்கியில் முடக்கிவைத்திருக்கிறார்கள்; அது கைக்கு வர இன்னும் நடைமுறை இருக்கிறது. மீதி அவ்வளவுதான். பணம் போனால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள், அந்த நிமிடமே 1930. பணம் கட்டவில்லை, கடிதம் மட்டும் வந்திருக்கிறது என்றால் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் சக்ஷு என்ற பகுதியில் அந்த எண்ணைப் புகார் செய்யலாம். பக்கத்தில் ஏற்கெனவே இருக்கிற டவர் பற்றிக் கவலை என்றால், கதிர்வீச்சு விவரத்துக்கு தரங் சஞ்சார் தளம் இருக்கிறது. எதிர்வீட்டு அக்காவுக்கு அதையும் காட்டியிருக்கிறேன்.

அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. டவர் வேண்டாம் என்று தெருவே கையெழுத்துப் போட்ட மனு இன்னும் கவுன்சிலரிடம்தான் இருக்கிறது. வராத டவரை நிறுத்தச் சொல்லி ஒரு மனு! திரும்ப வாங்கிவிடலாம் என்றால், நாங்கள் கம்பெனியோடு சேர்ந்து நாடகம் போடுகிறோம் என்று இரண்டு பேர் சொல்கிறார்கள்.

இதற்கிடையே பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவருக்கு அதே கடிதம் வந்திருக்கிறது. அதே சிங்கம், அதே ஸ்டாம்ப். வாடகையை மட்டும் 45,000 ஆக்கியிருக்கிறான்.