கோயம்பேட்டில் இல்லாத கும்பகோணம் பஸ்

டொரண்டோவிலிருந்து சென்னைக்கு உலக உருண்டையில் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் ஏறக்குறைய 13,400 கி.மீ. கிரீன்லாந்துக்கு மேலே ஏறி, ருஷ்யாவைக் குறுக்கே கடந்து வரும் பாதை அது. நேர் விமானம் இல்லாததால் துபாய் வழியாக வந்தேன். முதலில் 11,100, அப்புறம் 2,900. ரொம்பச் சுற்று என்று தோன்றும், ஆனால் அதிகம் 600 கி.மீ.தான். இடையில் காத்திருந்ததையும் சேர்த்து 20 மணி நேரம். அதில் ஒரு குறையும் இல்லை.

மீனம்பாக்கத்தில் இறங்கிய பிறகுதான் எல்லாம்.

2024 பிப்ரவரி, விடியற்காலை நான்கு மணி. கையில் 23 கிலோ பெட்டிகள் இரண்டு. டாக்சியில் ஏறி எப்போதும் போலக் கோயம்பேடு என்றேன். ஒரு காலத்தில் பாரிமுனை, 2002க்குப் பிறகு கோயம்பேடு. கும்பகோணத்துக்காரனுக்கு அதுதானே வழக்கம்? அங்கே போய் இறங்கினால், நம் பஸ்கள் வரிசையாக நிற்கும் இடம் காலியாகக் கிடந்தது. "கும்மோணம், கும்மோணம்" என்ற குரலே இல்லை. டீக்கடைக்காரர்தான் சொன்னார்: "தெக்கே போற வண்டியெல்லாம் கிளாம்பாக்கம் போயிடுச்சு சார். ஒரு மாசம் ஆச்சு."

கிளாம்பாக்கம் தாம்பரம் தாண்டி, வண்டலூருக்குப் பக்கத்தில். விமான நிலையத்திலிருந்து தெற்கே 20 கி.மீ.க்குள்தான். நானோ நேர் எதிரே வடக்கே வந்து நிற்கிறேன். எனக்குக் கோபம் அந்த டாக்சிக்காரர் மேல்தான். பெட்டியைத் தூக்கி வைக்கும்போதே "எந்த ஊருக்கு சார்?" என்று கேட்டார், கும்பகோணம் என்று சொன்னேனே! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். டொரண்டோவில் ஒரு பஸ் நிறுத்தத்தை நாலு கடை தள்ளி மாற்றினாலே பழைய கம்பத்தில் அறிவிப்பு தொங்கும். இங்கே மனுஷர்தான் சொல்ல வேண்டும். அவர் சொல்லவில்லை.

டீக்கடைக்காரர் சொன்னார். சொன்னதோடு விடவில்லை. அடுப்பைச் சின்னதாக வைத்துவிட்டு வந்து, பெரிய பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு மாநகரப் பேருந்து நிற்கும் இடம் வரை நடந்தார். கண்டக்டரிடம், "அண்ணே, சாரைக் கிளாம்பாக்கத்துல பார்த்து இறக்கி விடுங்க" என்றார். பணம் நீட்டினேன். டீக்கு மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தார். இருபத்திரண்டு வருடம் வெளியே இருந்துவிட்டேன், எந்த ஊரிலும் என் பெட்டியை ஒருவர் தலையில் சுமந்ததில்லை.

கிளாம்பாக்கம் விசாலமாக, சுத்தமாக இருக்கிறது. ஆறரைக்குப் பஸ் கிடைத்தது. விக்கிரவாண்டி, பண்ருட்டி, சேத்தியாத்தோப்பு என்று ஊர்ந்து கும்பகோணம் சேர மணி ஒன்றரை. 14,000 கி.மீ.க்கு 20 மணி நேரம், கடைசி 300க்கு ஒன்பதரை.

திரும்பும்போது கோயம்பேட்டுக்கு வேலையே இல்லை. ஆனாலும் ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பி அந்தக் கடைக்குப் போய், அம்மா கொடுத்தனுப்பிய வெற்றிலைக் கட்டில் பாதியை அவரிடம் கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.