விற்ற பிறகு வரன்முறையா, விற்கும் முன்பே குழாயா?

சென்னை, கோவை, மதுரை என எந்த ஊரின் புறநகரிலும் நடப்பது ஒன்றுதான். நேற்றுவரை வயல், இன்று கல் நட்ட மனை. ஆட்கள் குடியேறிய பிறகே சாலை, குடிநீர், சாக்கடை பற்றிய பேச்சு வருகிறது. இதற்குத் தமிழ்நாடு முயன்று பார்த்த வழிகளில் மூன்றை எடுத்துக்கொள்வோம்.

இப்போது கையில் இருப்பது வரன்முறை, அதாவது அனுமதியின்றிப் போட்டு விற்ற மனைகளுக்குப் பிறகு ஒப்புதல் தருவது. அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாதென்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2017 மே மாதம் விதிகள் வந்தன; 2016 அக்டோபர் 20 வரை பதிவான மனைகளுக்குக் கட்டணம் செலுத்தி ஒப்புதல் பெறலாம். சேமிப்பையெல்லாம் போட்டு அரை கிரவுண்டு வாங்கியவர்களுக்கு இது பெரிய நிம்மதி. வங்கிக் கடனுக்கும் கட்டட அனுமதிக்கும் வழி பிறக்கிறது. ஆனால் உத்தரவு வந்தாலும் குறுகலான தெரு அகலமாகாது. பூங்காவுக்கு விட்டிருக்க வேண்டிய இடத்தில் வீடு நிற்கும். முன்புறம் போர்வெல், பின்புறம் செப்டிக் டேங்க், நடுவே சில அடி மண். அந்தத் தண்ணீரைத்தான் குழந்தைகள் குடிக்கிறார்கள். போதாததற்கு, விண்ணப்பக் கெடுவை நீட்டிக்கொண்டே போனது அடுத்த லேஅவுட் போடுபவருக்குத் தைரியம் கொடுக்கிறது.

இரண்டாவது, சென்னையின் தெற்கு விளிம்பில் உள்ள கண்ணகி நகர், பெரும்பாக்கம் பாணி மறுகுடியமர்வு: ஆற்றங்கரைக் குடிசைகளை அகற்றி, அங்கிருந்தவர்களை அடுக்குமாடிகளுக்கு மாற்றுவது. கான்கிரீட் வீடு கிடைக்கிறது, உண்மை. ஆனால் கூவம், அடையாற்றங்கரையில் இருந்தவர்களின் வீட்டு வேலையும் கூலி வேலையும் பிள்ளைகளின் பள்ளியும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டன. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி இத்தனை குடும்பங்களைக் கொண்டுபோய் வைத்ததை என்னால் ஏற்கவே முடியவில்லை.

மூன்றாவது பழைய வழி. 1970களின் பிற்பகுதியில் உலக வங்கிக் கடனுதவியுடன் சென்னையின் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் தெருவும் குடிநீரும் சாக்கடையும் போட்டு, அதன் பிறகு மனை ஒதுக்கினார்கள். ஏழைகளுக்குச் சிறு மனை. வீட்டை அவரவர் வசதிக்கேற்பக் கட்டிக்கொண்டார்கள். பெரிய மனைகளையும் கடை மனைகளையும் கூடுதல் விலைக்கு விற்றுச் செலவில் ஒரு பகுதியை ஈடுகட்டினார்கள். அப்போது அவை ஊரின் விளிம்பு. இன்று நகருக்குள் மாடி மேல் மாடியாக வளர்ந்த குடியிருப்புகள்.

குறை இல்லாமலில்லை. சிலர் மனையை விற்றுவிட்டுப் போவார்கள். நிலம் எடுக்க முதலில் பெரும்பணம் வேண்டும். இன்றைய விலையில் அது எளிதல்ல. அதனால் முழு லேஅவுட்டையும் அரசே போட வேண்டியதில்லை. சென்னையை அடுத்த வண்டலூர், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வயல் விற்பனைக்கு வருமுன்பே பெரிய சாலைகள், வடிகால், ஏரி வரத்துக் கால்வாய்களுக்கான நிலத்தையாவது அளந்து கையகப்படுத்தி வைக்கலாம். மனை போடுபவர் அந்தக் கோடுகளை ஒட்டித்தான் போட்டாக வேண்டும்.