காளான் உடலா, இழையா, வளர்ப்புத் திரவமா?

காளான் மாத்திரை விற்பவர்களிடையே ஒரு சண்டை ஓடிக்கொண்டே இருக்கிறது. முழுக் காளானைக் காயவைத்து அரைத்தால்தான் அசல் என்கிறது ஒரு கட்சி. மைசீலியம் என்கிற வெள்ளை இழையில்தான் சத்து என்கிறது இன்னொரு கட்சி. ஆய்வுகளைப் பார்த்தால் இரண்டுமே பாதி உண்மைதான். எந்த வேதிப்பொருள் வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்தால், எந்தப் பகுதியை வளர்க்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

இதற்குச் சிங்கப்பிடரிக் காளானைவிடத் (லயன்ஸ் மேன்) தெளிவான சாட்சி இல்லை. ஜப்பானிய வேதியியலாளர் ஹிரோகாசு கவாகிஷியின் குழு 1991இல் இதன் காளான் உடலிலிருந்து ஹெரிசினோன்களைப் பிரித்தெடுத்தது. 1994இல் அதே பூஞ்சையின் இழையிலிருந்து எரினாசின்களை எடுத்தது. நரம்பு வளர்ச்சிக் காரணியைச் சுரக்கத் தூண்டுகின்றனவா என்று ஆய்வகச் செல்களில் பார்த்ததில், இரண்டு வகையுமே கவனம் பெற்றன. ஆனால் இரண்டும் வேறுவேறு சேர்மங்கள். காளான் பொடியை வாங்கிக்கொண்டு எரினாசினை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளும் இப்படித்தான் பிரிந்து கிடக்கின்றன. 2009இல் வெளியான ஜப்பானிய ஆய்வில், லேசான ஞாபகக் குறைவு உள்ளவர்களுக்கு 16 வாரம் காளான் உடலின் பொடியைக் கொடுத்தார்கள். ஞாபகச் சோதனையில் மதிப்பெண் கூடியது, நிறுத்திய நான்கு வாரத்தில் இறங்கிவிட்டது. 2020இல் வெளியான 49 வாரத் தைவான் ஆய்வு, எரினாசின் ஏ செறிந்த இழையை வைத்து ஆரம்பநிலை அல்சைமர் நோயாளிகளிடம் நடந்தது. இரண்டுமே சிறிய ஆய்வுகள். ஒன்றின் முடிவை மற்றதன் டப்பாவில் அச்சிடுவது நேர்மையல்ல.

இழைக் கட்சியின் பலவீனம் இழையில் இல்லை, அதை வளர்க்கும் தானியத்தில் இருக்கிறது. நம்மூரில் காளான் வித்துத் தயாரிக்க வெள்ளைச் சோளத்தை வேகவைத்து அதில் பூஞ்சையைப் படரவிடுவார்கள், பார்த்திருப்பீர்கள். அதையே அப்படியே காயவைத்து அரைத்தால் வருவது இழையும் தானியமும் கலந்த மாவு. அதில் ஒரு சொட்டு அயோடின் விட்டுப் பாருங்கள். கருநீலமாக மாறினால் மாவுச்சத்து மிச்சமிருக்கிறது என்று அர்த்தம். டப்பாவில் ‘பாலிசாக்கரைடு இத்தனை சதவீதம்’ என்ற வரியை நம்பாதீர்கள். பாலிசாக்கரைடு என்பது சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த நீண்ட சங்கிலி, மாவுச்சத்தும் பாலிசாக்கரைடுதான். பூஞ்சையின் செல்சுவரில் இருக்கும் பாலிசாக்கரைடான பீட்டா குளூக்கானின் அளவைத் தனியாகப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

திரவத்தில் வளர்த்தால் இந்தத் தானியச் சிக்கல் இல்லை. குலுக்கியில் வைத்த குடுவைக்குள் இழை சின்னச் சின்ன வெண்ணிற உருண்டைகளாகத் திரளும். ரெய்ஷிக் காளான் முளைத்து முதிர மாதக்கணக்காகும். திரவத்தில் இழை ஓரிரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். ஆனால் ரெய்ஷியில் தேடப்படும் சேர்மங்களான கனோடெரிக் அமிலங்கள் பல வகை, உடலிலும் இழையிலும் ஒரே கலவை கிடைப்பதில்லை. இன்னொன்று, குலுக்கிக்கொண்டே இருந்தால் இழையின் எடை கூடும், ஆனால் அமிலமும் கூடும் என்று சொல்ல முடியாது. முதலில் குலுக்கி வளர்த்து, அப்புறம் அசைக்காமல் விட்டபோது அமிலம் அதிகரித்ததாகச் சீனாவில் கண்டார்கள்.

ஜப்பானில் புற்றுநோய்ச் சிகிச்சைக்குத் துணையாக அனுமதி பெற்ற மூன்று பூஞ்சைப் பொருட்களைப் பாருங்கள். ஊசியாகப் போட்ட லென்டினான், ஷிடாகே காளானின் உடலிலிருந்து வருகிறது. வாய்வழி கொடுத்த கிரெஸ்டின், வான்கோழிவால் காளானின் இழையிலிருந்து. ஷிசோஃபிலான், இழையை வடிகட்டிய பிறகு மிஞ்சும் திரவத்திலிருந்து.

அந்த மூன்றாவது இடத்தைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். பூச்சிகளின் மேல் வளரும் கார்டிசெப்ஸ் மிலிடாரிஸ் என்ற பூஞ்சையில் 1950இல் கண்டறியப்பட்ட கார்டிசெபின் என்ற சேர்மம், அசையாத திரவ வளர்ப்பில் பெரும்பாலும் திரவத்துக்குள்ளேயே கசிந்துவிடுகிறது. ஆய்வகத்தில் இதை வளர்க்கும் மாணவர்களுக்குச் சொல்வேன்: வடிகட்டியதும் இழையை மட்டும் எடுத்துக்கொண்டு திரவத்தைத் தொட்டியில் கொட்டிவிடாதீர்கள், முதலில் அதை அளந்து பாருங்கள்.