ஆறு பவுண்டு ரைஃபிள், அரை அங்குல குரூப்: முன்பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

நான் ஆர்டர் கொடுத்துக் கட்டவைத்த வேட்டை ரைஃபிள், குறிபார்க்கும் ஸ்கோப்போடு சேர்த்து 7,000 டாலருக்குக் கொஞ்சம் மேல். அந்தப் பணத்துக்குக் கடைக்காரர் மூன்று விஷயம் சொன்னார். ரைஃபிள் 5 பவுண்டு 14 அவுன்ஸ்தான் இருக்கும். 100 கெஜத்தில் அரை அங்குலத்துக்குள் குரூப் போடும், அதாவது சுட்ட குண்டுகள் அந்த அகலத்துக்குள்தான் சிதறும். பெட்டியைப் பிரித்து, டரட்டை (ஸ்கோப்பின் மேல் உள்ள குமிழை) தூரத்துக்கு ஏற்பத் திருப்பி, நேராக 600 கெஜத்தில் எல்க் மானைச் சுடலாம். மூன்றில் ஒன்றுகூட நிஜமில்லை. கடையின் பெயரைப் போடவில்லை, புகார் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் இதே பாணியில் விற்கிற கடைகள் ராக்கி மலைப் பக்கம் நிறைய உண்டு. கொலராடோ, வயோமிங் என்று குடியேறி வேட்டைக்குக் கிளம்புகிற நம்மவர்களும் இப்போது கூடிவருகிறார்கள். அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

முதலில் லேசான ரைஃபிள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு. நாங்கள் போவது மீக்கர் ஊரை ஒட்டிய ஃப்ளாட் டாப்ஸ் மலைகளுக்கு. அங்கே எல்க் நிற்பது 9,000, 10,000 அடி உயரத்தில். மூச்சு வாங்கும் காற்றில், பனியில், முதுகில் மூட்டையோடு ஏறும்போது இரண்டு பவுண்டு குறைந்தாலும் பெரிய நிம்மதி. ஆசை நியாயமானதுதான். அந்த ஆசையை வைத்துத்தான் வியாபாரமும் நடக்கிறது.

எடையிலிருந்து தொடங்குகிறேன். ஊருக்குப் போகும்போது பெட்டி எடை பார்க்கிற கொக்கித் தராசு எல்லார் வீட்டிலும் இருக்குமே, அதில் தொங்கவிட்டேன். வெறும் ரைஃபிளே 6 பவுண்டு 9 அவுன்ஸ் காட்டியது. கடைக்குப் போன் போட்டால், விளம்பரத்தில் உள்ள எடை மசில் பிரேக் (உதைப்பைக் குறைக்க முனையில் மாட்டுவது), மேகசின், ஸ்கோப் மாட்டும் ரயில் எதுவும் இல்லாமல் எடுத்ததாம். பிரேக் இல்லாமல் அந்த ரைஃபிளை யார் சுடுவார்கள்? எடை பாதியானால் உதைப்பின் ஆற்றல் இரண்டு மடங்காகும். இந்த எடையில் 7 எம்எம் பிஆர்சி தோட்டாவைப் பிரேக் இல்லாமல் சுட்டால் நாலாவது குண்டுக்குள் தோள் பயப்பட ஆரம்பிக்கும், விரல் ட்ரிகரை வெடுக்கென்று இழுக்கும். அப்புறம் ரைஃபிளின் துல்லியத்தைப் பற்றிப் பேசி என்ன பயன்? கணக்கை முழுசாகப் போடுங்கள்: ஸ்கோப் 29 அவுன்ஸ், அதைப் பிடிக்கும் ரிங் 5, பைபாட் (முன்னால் தாங்கும் இரட்டைக்கால்) 13, தோள்வாரும் நாலு தோட்டாவும் சேர்ந்து இன்னொரு 8. மலையில் நான் சுமக்க வேண்டியது சரியாகப் பத்து பவுண்டு. விளம்பரப் படத்தில் இந்தச் சாமான் அத்தனையும் மாட்டியிருக்கிறது, அடியில் போட்டிருக்கும் எடை மட்டும் மொட்டை ரைஃபிளுடையது.

சரி, எடையை மன்னித்துவிடலாம். குரூப் விஷயம் அப்படியல்ல.

பெட்டிக்குள் ஒரு டார்கெட் அட்டை வைத்திருந்தார்கள். நடுவில் மூன்று ஓட்டை, ஒன்றோடொன்று ஒட்டினாற்போல். பக்கத்தில் பேனாவால் 0.38 அங்குலம் என்று எழுதி ஒரு சுருக்கக் கையெழுத்து. பார்க்க அழகாகத்தான் இருந்தது. கூர்ந்து பார்த்தால், ரைஃபிளின் சீரியல் நம்பர் எழுத வேண்டிய கட்டம் காலி. தோட்டா என்ற கட்டத்தில் நான் வாங்கிய 175 கிரெய்ன் (குண்டின் எடை) வேட்டைத் தோட்டா இல்லை, அவர்களே கையால் அடைத்த ஏதோ ஒன்று. இந்த அட்டை இந்தப் பேரலில் (துப்பாக்கிக் குழலில்) சுட்டதுதானா என்று கேட்டேன். "அதே பேட்ச்சில் வந்த ரைஃபிள்தான் சார்" என்ற ரீதியில் பதில் வந்தது. அதாவது என் ரைஃபிளை யாரும் சுட்டே பார்க்கவில்லை.

சுட்டுப் பழகும் ரேஞ்சில் நான் சுட்டபோது ஐந்து குண்டு குரூப் 1.8 அங்குலத்துக்குக் கீழே இறங்கவே இல்லை. என்னோடு வேட்டைக்கு வரும் சிவகங்கைக்கார அண்ணன் ஒருவர் இருக்கிறார், இருபது வருஷமாக இங்கே எல்க் சுடுகிறவர். நான் தப்பாகச் சுடுகிறேனோ என்று அவர் கையில் கொடுத்தேன். அவருக்கும் அதேதான். "தம்பி, மூணு குண்டோட நிறுத்தாதே, பத்துப் போடு, அப்பதான் இதோட சாயம் வெளுக்கும்" என்றார். பத்துப் போட்டோம். இரண்டரை அங்குலத்தைத் தாண்டியது.

இந்த மூன்று குண்டு குரூப் என்பதே எவ்வளவு ஏமாற்று என்று பலருக்குத் தெரியவில்லை. ஒரே ரைஃபிள், ஒரே தோட்டா, ஒரே ஆள். மூன்று சுட்டால் சராசரியாக ஓர் அங்குலம் வருகிறது என்றால், அதே ரைஃபிளில் ஐந்து சுட்டால் சராசரி 1.3 அங்குலம், பத்து சுட்டால் 1.6 அங்குலம் வரும். ரைஃபிள் கெட்டுப்போய் அல்ல, கணக்கு அப்படி. அதிகம் சுடச்சுடச் சிதறலின் உண்மையான அகலம் தெரியவரும். அப்புறம் கடைக்காரர் நாலைந்து குரூப் சுட்டு, அதில் சின்னதை மட்டும் அட்டையில் ஒட்டினால்? எல்லாப் பாடத்திலும் பரீட்சை எழுதிவிட்டு, நல்ல மார்க் வந்த ஒரே பேப்பரை மட்டும் அப்பாவிடம் நீட்டும் பையன் மாதிரிதான் அது.

கார்பன் சுற்றிய பேரலைப் பற்றியும் ஒரு வார்த்தை. உள்ளே மெல்லிய எஃகுக் குழாய், வெளியே கார்பன் நார். எடைக்குத் தகுந்த விறைப்பு உண்டு, நன்றாகச் செய்தால் நல்ல சாமான். ஆனால் வெளியே தொட்டுப் பார்த்து ஆறிவிட்டது என்று நம்பக் கூடாது, உள்ளே எஃகு இன்னும் சூடாகவே இருக்கும். கடையில் "எத்தனை சுட்டாலும் சூடாகாது" என்று சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

என் ரைஃபிளின் கோளாறு பேரலில் இல்லை. அதைக் கண்டுபிடிக்க ஒரு டாலர் நோட்டு போதுமாயிருந்தது. பேரலுக்கும் அதைத் தாங்கும் கட்டையான ஸ்டாக்குக்கும் நடுவே நோட்டைச் செருகி, முனையிலிருந்து பின்னால் இழுத்துக்கொண்டே வர வேண்டும். பேரல் எங்கும் தொடாமல் நின்றால் நோட்டு ஆக்‌ஷன் (தோட்டா ஏறும் பகுதி) வரைக்கும் வழுக்கிக்கொண்டு வரும். என்னுடையதில் பாதி தூரத்தில் இடது பக்கம் பிடித்துக்கொண்டது. பைபாடில் வைத்துக் கொஞ்சம் முன்னால் சாய்த்துத் தள்ளியபோது நோட்டு அசையவே இல்லை. எடை குறைக்க ஸ்டாக்கின் முன்பகுதியை அவ்வளவு மெலிதாக வார்த்திருக்கிறார்கள், பாரம் ஏறினால் வளைந்து பேரலை முட்டுகிறது. ஒவ்வொரு முறை சாய்த்து வைக்கும்போதும் முட்டுகிற அழுத்தம் மாறும், குண்டு போகிற இடமும் மாறும். துப்பாக்கி பழுதுபார்க்கும் பக்கத்து ஊர் கன்ஸ்மித் ஸ்டாக்கைக் கழற்றிக் காட்டினார். பேரல் படுக்கும் பள்ளத்தின் இடது சுவரில், கட்டைவிரல் அகலத்துக்குத் தேய்ந்து பளபளவென்று ஒரு தடம். இரண்டு ஆக்‌ஷன் திருகாணியில் ஒன்று சும்மா கையாலேயே சுழன்றது. பில்லில் "பேரல் முழுக்க ஸ்டாக்கைத் தொடாமல் பொருத்தப்பட்டது" என்று எழுதியிருக்கிறார்கள்.

கன்ஸ்மித்துக்கு அதைச் சரிசெய்வது அரைநாள் வேலை. ஆனால் அவர் தொட்டால் வாரன்ட்டி போய்விடும். கடைக்கே திருப்பி அனுப்பினேன். வேட்டை சீசனுக்கு முன்னால் வந்து சேர்ந்தது, கூடவே இன்னொரு மூன்று குண்டு அட்டை, இந்த முறை 0.9 அங்குலம், அதோடு 150 டாலருக்கு "பரிசோதனைக் கட்டணம்" பில். "எங்கள் வாரன்ட்டிப்படி ஓர் அங்குலத்துக்குள் வந்தால் பாஸ், நாங்கள் விற்கும் தோட்டாவில், மூன்று குண்டுக்கு மட்டும்" என்றார்கள். விளம்பரத்தில் அரை அங்குலம், வாரன்ட்டியில் ஓர் அங்குலம். அவர்கள் தோட்டா கடைகளில் கிடைப்பதைப்போல இரண்டு மடங்கு விலை. டாலர் நோட்டு பழைய இடத்திலேயே சிக்குகிறது.

இப்போது டரட். நீண்ட தூரப் பேக்கேஜ் என்று விற்பவர்கள் எல்லாரும் காட்டும் கவர்ச்சி இதுதான். ஸ்கோப்பின் மேல் குமிழில் கெஜக் கணக்கே பொறித்திருக்கும். தூரத்தை ரேஞ்ச்ஃபைண்டரில் பார், அந்த எண்ணுக்குத் திருப்பு, சுடு. குமிழில் எண் பொறிக்க வேண்டுமென்றால் தோட்டாவின் வேகமும், வேட்டையாடும் இடத்தின் உயரமும், வெப்பமும் தெரிய வேண்டும். ஆர்டர் படிவத்தில் உயரம் 9,500 அடி என்று நான் எழுதிக் கொடுத்தது என்னிடம் நகலாக இருக்கிறது. வந்த குமிழின் விளிம்பில் பொடி எழுத்தில் 1,000 அடி, 59 டிகிரி ஃபாரன்ஹீட், வேகம் வினாடிக்கு 3,000 அடி.

3,000 என்பது தோட்டாப் பெட்டியில் உள்ள எண். அது 24 அங்குல பேரலில் அளந்தது. எடை குறைக்க என் பேரலை 20 அங்குலமாக வெட்டியவர்களும் இவர்களேதான். ஓர் அங்குலம் குறைந்தால் வேகம் சுமார் 25, 30 அடி குறையும் என்பது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. குண்டின் வேகம் அளக்கும் க்ரோனோகிராஃபில் அளந்தபோது சராசரி 2,880 வந்தது. இதனால் மட்டும் 600 கெஜத்தில் குண்டு சுமார் ஏழு அங்குலம் கீழே இறங்கும். மலை உயரத்தில் காற்று மெலிவதால் குண்டு குறைவாக விழும், அது எதிர்த் திசையில் இழுக்கும். ஒரு தப்பை இன்னொரு தப்பு கொஞ்சம் மறைக்கும், ஆனால் ஒரு தூரத்தில் மறைப்பது இன்னொரு தூரத்தில் மறைக்காது. குரூப்பே இந்த லட்சணத்தில் இருக்கும்போது ரேஞ்சில் இதைக் கண்ணால் பிரித்துப் பார்க்க வழியில்லை. காட்டில் பார்த்தால் விலை எல்க் மான்தான் கொடுக்கும், வயிற்றில் குண்டோடு தேவதாரு மரங்களுக்குள் ஓடி. எனக்கு ஆத்திரம் வந்ததே அந்த இடத்தில்தான். எடையில் அடித்த காசு போனால் போகட்டும், உயிரோடு விளையாட இவர்கள் யார்?

அந்த சீசனுக்கு என் பழைய .30-06 ரைஃபிளைத்தான் எடுத்துக்கொண்டு போனேன். எட்டரை பவுண்டு, கீறல் விழுந்த மரக்கட்டை. நானும் என் கூட்டாளிகளும் சுட்டவை பெரும்பாலும் 300 கெஜத்துக்குள்தான். எல்க்கின் நெஞ்சுப் பகுதி ஒன்றேகால் அடிக்குக் குறையாது, அந்தத் தூரத்துக்குப் பழைய ரைஃபிளே தாராளம்.

வாங்கப் போகிறவர்கள் கடையில் என்ன கேட்க வேண்டும் என்றால், பத்து குண்டு குரூப் கேளுங்கள். உங்கள் சீரியல் நம்பர் எழுதிய அட்டையில், நீங்கள் வேட்டைக்குப் போடப்போகும் தோட்டாவில். முகம் சுளித்தால் வேறு கடை. வாரன்ட்டியைக் காசு கட்டும் முன்னாலேயே முழுசாகப் படிக்கக் கேட்கலாம், 1975-இல் வந்த மேக்னசன்-மாஸ் சட்டத்தை ஒட்டிய விதிப்படி 15 டாலருக்கு மேற்பட்ட பொருளுக்கு எழுத்து வாரன்ட்டி கொடுக்கிறவர் விற்பனைக்கு முன்பே அதைக் காட்டியாக வேண்டும். டாலர் நோட்டு சோதனையைக் கடையிலேயே, பைபாடில் சாய்த்து வைத்துச் செய்து பாருங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள். பொறித்த டரட் வேண்டாம். சாதா டரட்டோடு வாங்கி, உங்கள் பேரலின் வேகத்தை நீங்களே அளந்து, குண்டு எவ்வளவு விழும் என்று கணக்குச் சொல்லும் பாலிஸ்டிக் ஆப்பில் போனிலேயே போட்டுக்கொள்ளலாம், எந்த உயரத்துக்குப் போனாலும் மாற்றிக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் வெறும் எடை 7 பவுண்டை ஒட்டி, 22 அல்லது 24 அங்குல பேரல், கம்பெனி ரைஃபிளே போதும். மிச்சப் பணத்துக்குத் தோட்டா வாங்கிச் சுட்டுப் பழகுங்கள்.

எச்1பி, எஃப்1 விசாவில் இருக்கும் தம்பி தங்கைகளுக்குத் தனியாக ஒன்று: செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற விலக்கு கையில் இல்லாமல் துப்பாக்கி வாங்குவதும் வைத்திருப்பதும் இங்கே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். கடைக்காரர் அதைச் சொல்லித் தருவார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

திருப்பிக் கொடுக்கும் கதையைச் சொல்லி முடிக்கிறேன். துப்பாக்கி வாங்குபவர் நிரப்ப வேண்டிய 4473 படிவத்தில் கையெழுத்துப் போட்டு, பின்னணிச் சோதனை முடிந்து, கொலராடோவின் மூன்று நாள் காத்திருப்பும் கழிந்து கைக்கு வந்துவிட்டால் அது பழைய துப்பாக்கிதான். "புதுசாக விற்க முடியாது, அதனால் ரீஃபண்ட் இல்லை" என்கிறார்கள். கிரெடிட் கார்டு பில்லை மறுக்கச் சட்டம் தரும் 60 நாள் ஸ்டேட்மென்ட்டில் இருந்து ஓடுகிறது, ரைஃபிள் கட்டித்தர மாதக்கணக்கில் ஆகும், அதனால் முன்பணத்துக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. கடைசித் தவணைக்கு மட்டும் மனுப் போட்டிருக்கிறேன். உயரம் எழுதிய ஆர்டர் நகல், டரட்டின் போட்டோ, சீரியல் நம்பர் இல்லாத அட்டை, கன்ஸ்மித்தின் கடிதம் எல்லாவற்றையும் சேர்த்து மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவுக்கும் அனுப்பியாயிற்று. கடையிலிருந்து போன வாரம் ஒரு மின்னஞ்சல்: புது டரட் இலவசமாகப் பொறித்துத் தருகிறோம், புகாரை வாபஸ் வாங்கிக்கொள்ளுங்கள் என்று. ஸ்டாக்கைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. இன்னும் பதில் போடவில்லை.