நேபாளத்தில் ‘அனாதை இல்ல’ சேவை: பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

பணம் கட்டி நேபாள அனாதை இல்லம் ஒன்றில் தன்னார்வலராகத் தங்கச் சொல்லும் அந்த விளம்பரம் இன்ஸ்டாகிராமில் மறுபடியும் ஓடத் தொடங்கிவிட்டது. ‘இமயமலை அடிவாரத்தில், அன்புக்கு ஏங்கும் குழந்தைகளோடு ஒரு மாதம்.’ தசரா, தீபாவளி லீவைக் குறிவைத்துப் போடுகிறார்கள். போன வருடம் நான் பணம் கட்டிப் போனது இதே ஏஜென்சி மூலம்தான். பெயரைப் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும், போடவில்லை. காத்மாண்டுவில் இப்படிப்பட்டது இது ஒன்றுதான் என்றும் நினைக்காதீர்கள்.

கட்டணம் நாற்பதாயிரத்துக்கு மேல், விமான டிக்கெட் தனி. என்னிடம் கேட்டது பாஸ்போர்ட் நகலும் டி-ஷர்ட் சைஸும். போலீஸ் சரிபார்ப்புச் சான்றிதழ் கேட்கவில்லை, குழந்தைகளோடு பழகிய அனுபவம் உண்டா என்றும் கேட்கவில்லை. நம் ஊரில் ஸ்கூல் வேன் ஓட்டுபவரிடம்கூட இதைவிட அதிகம் விசாரிப்பார்கள்.

இல்லம் புத்தநீல்கண்டா போகும் வழியில், வாடகைக்கு எடுத்த மாடி வீடு. உள்ளே நுழைந்ததும் சின்னப் பிள்ளைகள் ஓடிவந்து மடியில் ஏறிக்கொண்டார்கள். கூட வந்த ஐரோப்பியப் பெண் அழுதேவிட்டாள். முன்பின் தெரியாத ஆளிடம் மூன்று வயதுக் குழந்தை அப்படி ஒட்டிக்கொள்வது நல்ல அறிகுறி இல்லை. ருமேனியாவின் அனாதை இல்லங்களில் இருந்த குழந்தைகளை 2000 முதல் தொடர்ந்து ஆராய்ந்தவர்கள் இதே பழக்கத்தைப் பதிவு செய்திருக்கிறார்கள். தனக்கென்று நிலையாக ஒருவர் இல்லாத குழந்தை யாரிடமும் போகும். மாதம் ஒரு புது ‘அக்கா’ வந்து, கொஞ்சி, கிளம்பிப் போனால் அந்தக் காயம்தான் ஆழமாகும்.

நான் வாங்கிப் போன கலர் பென்சிலும் கதைப் புத்தகங்களும் ஆபீஸ் அலமாரிக்குள் போயின. நன்கொடையாளர் வரும் நாளில் வெளியே எடுப்பார்கள், அவர் கார் கிளம்பியதும் பூட்டிவிடுவார்கள். தாமேல் கடைத்தெருவில் பிள்ளைகளுக்கு ஷூ வாங்கிக்கொண்டு வந்தபோது, ‘விலைச்சீட்டைப் பிய்க்காதீர்கள், பில்லையும் கொடுங்கள்’ என்றார் மேனேஜர். அந்த ஷூக்களை எந்தக் காலிலும் நான் பார்க்கவில்லை. சாப்பாடு தினமும் தால்பாத், அதாவது பருப்பும் சோறும். அதில் பருப்பைத் தேட வேண்டும். வெளிநாட்டு குரூப் வந்தால் பள்ளிக்கூடத்துக்கு மட்டம், டான்ஸ் ஆட வேண்டும்.

குட்டு உடைந்தது தசைன் சமயத்தில். நம் தசரா மாதிரி அங்கே ஊரே சொந்த வீட்டுக்குப் போகும் பண்டிகை அது. ஒரு நாள் காலை கேட்டுக்கு வெளியே ஒரு மனிதர் துணிப் பையோடு நின்றார். ‘இங்கே இருக்கும் ஒரு பையனின் மாமா’ என்றார் மேனேஜர். பையன் அப்படியே அவர் முகம், அந்த அகல நெற்றி உட்பட. சமையல் செய்யும் தீதிக்கு (அக்காவுக்கு) இந்தி தெரியும், எனக்கும் தெரியும். மாமா இல்லை, அப்பா என்று பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொல்லிவிட்டார். வடமேற்கு மூலையில் இருக்கும் ஹும்லாவிலிருந்து வந்திருக்கிறார். போர்டிங் ஸ்கூல் என்று சொல்லி ஒரு புரோக்கர் அவரிடம் பணம் வாங்கிக்கொண்டு பையனை அழைத்து வந்திருக்கிறான். அந்த அப்பா என்னைப் பார்த்துக் கும்பிட்டு, அரைகுறை இந்தியில், “இங்கிலீஷ் டீச்சரா? பையன் நல்லா படிக்கிறானா?” என்று கேட்டார். எனக்குக் காட்டிய ஃபைலில் அவர் நிலச்சரிவில் இறந்துவிட்டவர். முத்திரையோடு இறப்புச் சான்றிதழ் இருந்தது.

இது அந்த ஒரு வீட்டின் கதை மட்டும் இல்லை. 1996 முதல் 2006 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது, மாவோயிஸ்டுகள் பிள்ளைகளைப் படையில் சேர்த்துவிடுவார்கள் என்ற பயத்தில் ஹும்லா போன்ற மலை மாவட்டங்களின் பெற்றோர் புரோக்கர்களை நம்பினார்கள். போர் முடிந்தும் அந்த வியாபாரம் முடியவில்லை. நேபாள இல்லங்களின் பெரும்பகுதி காத்மாண்டு, லலித்பூர், பக்தபூர், சித்வன், பொக்காரா இருக்கும் காஸ்கி ஆகிய மாவட்டங்களில்தான். அனாதைகள் சுற்றுலாத் தலங்களில் மட்டும்தான் பிறக்கிறார்களா? 2015 நிலநடுக்கத்துக்குப் பிறகு புது இல்லங்கள் திறக்கவும், உரிய ஆவணம் இல்லாமல் பிள்ளைகளை மாவட்டம் தாண்டிக் கொண்டுபோகவும் அரசே தடை போட வேண்டியிருந்தது. கம்போடியாவிலும் இதே கதைதான். இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் முக்கால்வாசிக்கும் மேற்பட்டவர்களுக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருப்பதாக 2011-ல் யுனிசெஃப் உதவியுடன் வந்த ஆய்வு சொன்னது.

நாம் கட்டும் பணம்தான் அந்தக் குழந்தையை வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுவர வைக்கிறது. ஆள் வரவர பிள்ளைகளும் தேவைப்படுகிறார்கள். பிள்ளைகள் குண்டாக, நல்ல உடுப்போடு இருந்தால் நன்கொடை குறையும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

திரும்பி வந்து ஏஜென்சிக்கு எழுதினேன். ‘நாங்கள் ஒருங்கிணைப்பாளர்கள் மட்டுமே, நன்கொடை திருப்பித் தரப்படாது’ என்று பதில். பணம் கட்டும்போது இன்வாய்ஸில் இருந்த ‘கட்டணம்’, திருப்பிக் கேட்கும்போது ‘நன்கொடை’ ஆகிவிட்டது. கார்டு கம்பெனியில் புகார் நிலுவையில் இருக்கிறது. நேபாளத்தின் தேசியக் குழந்தை உரிமைக் கவுன்சிலுக்கும் சான்றிதழ் விவரத்தோடு மெயில் அனுப்பியிருக்கிறேன்.

கிளம்பியே தீருவேன் என்பவர்கள் ஏஜென்சியிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்: பிள்ளைகளின் குடும்பத்தைத் தேடிச் சேர்த்துவைக்க நீங்கள் என்ன செய்கிறீர்கள், போன வருடம் எத்தனை பேர் வீட்டுக்குத் திரும்பினார்கள்? என் ஏஜென்சிக்காரர் இதற்குப் பதிலாக சிரிக்கும் எமோஜி அனுப்பினார். பிள்ளைகளோடு செல்ஃபி எடுத்துப் போடலாம் என்று சொல்லும் இடத்தை உடனே விட்டுவிடுங்கள். இந்தியாவில் பராமரிப்பு தேவைப்படும் குழந்தையின் படத்தை ஊடகத்தில் வெளியிடுவதே 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி குற்றம். ஏற்கெனவே அங்கே இருந்து ஏதாவது சந்தேகமாகப் பட்டால், நேபாளத்திலும் குழந்தைகள் உதவி எண் 1098தான். மேனேஜர் கண்ணில் படாமல் கூப்பிடுங்கள்.