சுகர் பம்ப்கின் வாங்கிப் பை (pie) செய்யலாமா? மூன்று வருடம் செய்து பார்த்தபின் எழுதுகிறேன்

நாங்கள் இருப்பது இல்லினாயில், பியோரியா பக்கம். காரில் கொஞ்ச தூரம் போனால் மார்ட்டன் என்ற சின்ன ஊர். அமெரிக்கக் கடைகளில் டப்பாவில் விற்கும் பரங்கி விழுதில் பெரும்பங்கு அந்த ஊரில் உள்ள லிபீஸ் ஆலையிலிருந்துதான் போகிறது. 'உலகின் பரங்கித் தலைநகர்' என்று ஊரே பெருமையாகச் சொல்லிக்கொள்ளும், செப்டம்பரில் திருவிழாவும் உண்டு. மாவு ஓட்டுக்குள் பரங்கி விழுது, முட்டை, பால் கலவையை ஊற்றி ஓவனில் சுடும் இனிப்புதான் பம்ப்கின் பை. அதற்கான டப்பா இவ்வளவு பக்கத்தில் கிடைக்கும்போது முழுக்காயை வாங்கி வெட்டி, வேகவைத்து, வடிகட்டி எதற்கு மெனக்கெட வேண்டும் என்று என்னிடம் பலர் கேட்டுவிட்டார்கள். சரியான காயை வாங்கி, அதன் தண்ணீரை வடித்தால் அந்த மெனக்கெடலுக்குப் பலன் உண்டு. இரண்டில் ஒன்று தவறினாலும் டப்பாவே மேல்.

முதல் வருடம் நான் தப்பான காயை எடுத்தேன். ஹாலோவீனுக்கு முகம் செதுக்க வாங்கியதில் செதுக்காமல் ஒன்று மிச்சம் இருந்தது, அழகான பெரிய ஆரஞ்சுக் காய், அதையே வெட்டினேன். உள்ளே நூல் நூலாக நார், சதை மெலிசு, வேகவைத்தால் தண்ணீர் தண்ணீராக விட்டது, இனிப்பு என்பதே இல்லை. செதுக்குவதற்கென்றே வளர்க்கும் ரகங்கள் அப்படித்தான்: நேராக நிற்க வேண்டும், தோல் கெட்டியாக இருக்க வேண்டும், காம்பு தடியாக இருக்க வேண்டும், ருசியை யாரும் பார்ப்பதில்லை. செய்த பையை வெட்டினதும் அடியில் தண்ணீர் தேங்கி நின்றது.

அடுத்த வருடம்தான் சாலையோரப் பண்ணைக் கடையில் சுகர் பம்ப்கின் வாங்கினேன். பை பம்ப்கின் என்றும் சொல்வார்கள். இரண்டு கைக்குள் அடங்கும் உருண்டைக் காய், நான்கு பவுண்டு, அதாவது 1.8 கிலோ இருந்தது. அளவுக்குக் கனமாக, காம்பு பச்சையோ பழுப்போ உலர்ந்து உறுதியாக ஒட்டியிருப்பதாகப் பார்த்து எடுங்கள். காம்பைச் சுற்றி அமுங்கினால் வேண்டாம்.

தோல் சீவ உட்காராதீர்கள், கைதான் வலிக்கும். காம்பை ஒதுக்கி இரண்டாகப் பிளந்து, விதையையும் நாரையும் கரண்டியால் வழித்து, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி தட்டில் கவிழ்த்து 400 டிகிரி ஃபாரன்ஹீட் ஓவனில் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை வைத்தால் போதும், கத்தி நுனி வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கும். ஆறினதும் தோல் தானாகக் கழன்று வரும். தண்ணீரில் வேகவைக்க வேண்டாம், குக்கரும் வேண்டாம், ஏற்கெனவே தண்ணீர்க் காய் அது. சதையை மிக்ஸியில் நைஸாக அரைத்தால் ஒரு காயில் ஒரு பை போக இன்னும் பாதிக்கு மிச்சம் வரும் அளவு விழுது கிடைக்கிறது.

இனிமேல்தான் முக்கியமான வேலை. டப்பா விழுது கரண்டியில் எடுத்தால் மலைபோல் நிற்கும், வீட்டு விழுது சரிந்து ஓடும். அந்தத் தண்ணீரோடு முட்டையும் பாலும் சேர்த்தால் கஸ்டர்ட் எங்கே இறுகும்? மெல்லிய பருத்தித் துணியில் மூட்டையாகக் கட்டி, வடிகட்டி மேல் வைத்து இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் விட்டேன், காலையில் கீழே ஒரு டம்ளர் மஞ்சள் தண்ணீர். அவசரமென்றால் அடிகனமான சட்டியில் மிதமான தீயில் அல்வா கிண்டுவதுபோல விடாமல் கிண்டுங்கள், கால் மணி நேரத்தில் கெட்டிப்படும், லேசாக அடிபிடிக்கும் கட்டத்தில் வரும் வாசனைக்காகவே நான் இப்போது இரண்டையும் செய்கிறேன்.

அப்புறம் எல்லாம் வழக்கமான அளவுதான். விழுது ஒரு டப்பா அளவு, அதாவது 425 கிராம், சர்க்கரை முக்கால் கப், முட்டை இரண்டு, எவாப்பரேட்டட் பால் (சர்க்கரை சேர்க்காமல் சுண்டவைத்த பால்) ஒரு டின், உப்பு அரை டீஸ்பூன், பட்டைப் பொடி ஒரு டீஸ்பூன், சுக்கு அரை, கிராம்பு கால். ஜாதிக்காயை நான் கூடுதலாகத் துருவிப் போடுவேன். 'பம்ப்கின் பை ஸ்பைஸ்' என்று மெக்கார்மிக் 1934 முதல் புட்டியில் விற்கிறது, ஆனால் நம் அஞ்சறைப்பெட்டிக்காரர்களுக்கு அது தேவையே இல்லை, புதிதாகப் பொடித்தால் மணமே வேறு. மாவு ஓட்டில் ஊற்றி 425 டிகிரியில் 15 நிமிடம், பிறகு 350க்கு இறக்கி 40 முதல் 50 நிமிடம். ஓரம் இறுகி, நடுவில் உள்ளங்கை அளவு மட்டும் தளும்பும்போதே வெளியே எடுத்துவிடுங்கள், ஆறும்போது அதுவும் இறுகிவிடும். முழுக்க இறுகட்டும் என்று விட்டால் முட்டை சுருங்கி மேலே வெடிப்பு விழும். இரண்டு மணி நேரமாவது ஆறவிடாமல் வெட்டாதீர்கள்.

ருசிக்கு வருகிறேன். டப்பாவில் செய்ததைவிட நிறம் வெளிறியது, மஞ்சள் பக்கம். வாயில் லேசு, இனிப்பு அடங்கியது, காயின் சுவை தெரிகிறது. டப்பாவில் மசாலாதான் முதலில் தெரியும். நவம்பரில் வரும் தாங்க்ஸ்கிவிங் விருந்துக்கு வந்த பக்கத்து வீட்டு அம்மா, வாழ்நாளெல்லாம் டப்பாவில் செய்தவர், இரண்டாவது துண்டு கேட்டு வாங்கிக்கொண்டார். ஆனால் அழுத்தமான, கரும் ஆரஞ்சுப் பைதான் உங்களுக்குப் பழக்கம் என்றால் இது ஏமாற்றமாக இருக்கும்.

அதற்காகத்தான் மூன்றாவது வருடம் பட்டர்நட் ஸ்குவாஷ் என்ற பரங்கி வகையை வாங்கினேன். லிபீஸ் பயன்படுத்துவது டிக்கின்சன் என்ற ரகம், வெளியே வெளிர் பழுப்பாக நீளமாக இருக்கும், ஆரஞ்சு உருண்டைக்கும் அதற்கும் தூரத்து உறவுதான். அது பட்டர்நட்டின் இனம், குக்குர்பிட்டா மொஸ்காட்டா. சாம்பாரில் போடும் நம் ஊர்ப் பரங்கியும் பெரும்பாலும் அதே இனம்! சுகர் பம்ப்கின் வேறு இனம், குக்குர்பிட்டா பெப்போ. இது தெரிந்ததும் பல விஷயம் விளங்கியது, நார் ஏன் அதிகம், தண்ணீர் ஏன் அதிகம் என்று. பட்டர்நட்டில் சதை நெருக்கம், நாரே இல்லை, துணியில் கட்டினால் வடிவது கொஞ்சம்தான், நிறமும் ஆழமாக வந்தது. இதுவரை நான் செய்ததில் இதுதான் சிறந்த பை, பட்டர்நட் எல்லா மளிகைக் கடையிலும் மார்ச் மாதம்கூடக் கிடைக்கிறது.

சுகர் பம்ப்கினுக்கு ஐந்தில் மூன்றரை, பட்டர்நட்டுக்கு நாலரை. குழந்தைகளோடு பண்ணைக்குப் போய்க் காய் பொறுக்க வேண்டும் என்றால் சுகர் பம்ப்கினையே வாங்குங்கள், விதையை உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு வறுத்துக் கொடுக்கலாம். நவம்பர் நடுவுக்குள் பண்ணைக் கடைகள் மூடிவிடும் என்பதால் அக்டோபரிலேயே வாங்கிக் குளிர்ந்த காய்ந்த இடத்தில் வையுங்கள், ஓரிரு மாதம் கெடாது. வடித்த விழுதை 425 கிராமாக அளந்து பிளாஸ்டிக் பைகளில் கட்டி ஃப்ரீசரில் வைத்தால் தாங்க்ஸ்கிவிங் அன்று காலையில் ஓட்டுக்கு மாவு பிசையும் வேலை மட்டும்தான் மிச்சம்.