மதுரையில் மூன்று வாரம்: ஒரு ஸ்ட்ரோலர், பதினேழு இடுப்பு

ஊருக்குக் கிளம்புமுன் எழுதி வைத்த சாமான் பட்டியலில் முதல் வரியே ஸ்ட்ரோலர்தான், பிள்ளையை உட்காரவைத்துத் தள்ளும் வண்டி. மடக்கினால் விமானத்தில் தலைக்கு மேல் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி விற்கிறார்களே, அந்த வகை. மூன்று வாரத்தில் அதை உருட்டியது நான்கே தடவை. அதில் இரண்டு விமான நிலையத்துக்குள்ளே. மிச்ச நாளெல்லாம் அது அம்மா வீட்டு வராண்டாவில் ஈரத் துண்டுகளைச் சுமந்துகொண்டு நின்றது. இரண்டேகால் வயது மகள் யாராவது ஒருவர் இடுப்பில் இருந்தாள்.

இங்கிலாந்தில் பிள்ளையோடு வெளியே போவதென்றால் நானும் அவளும் வண்டியும்தான். பஸ்ஸில் வண்டி நிறுத்த இடம், கடையில் லிஃப்ட், கழிப்பறையில் டயப்பர் மாற்ற மேடை எல்லாம் அதற்கேற்றபடி இருக்கும். ஊரில் பிள்ளை தனியாக வராது, நாலு பேரோடுதான் வரும் என்ற கணக்கில் எல்லாம் நடக்கிறது. பாதி இடங்களில் அந்தக் கணக்கு எனக்குச் சரியாக வந்தது. மீதி இடங்களில் சண்டை போட்டேன்.

சென்னையில் இறங்கியதும் குடியேற்ற வரிசை. மகளுடைய ஓசிஐ அட்டையில், அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கான அட்டையில், இருப்பது மூன்று மாதக் குழந்தையின் படம், கண்கூடச் சரியாகத் திறக்கவில்லை. அதிகாரி அட்டையைப் பார்த்தார், என் தோளில் தொங்கியவளைப் பார்த்தார். "இது நீதானா?" என்று அவளிடமே கேட்டார். "இல்ல" என்றாள். சிரித்துக்கொண்டே முத்திரை குத்திவிட்டார். நல்ல மனிதர்.

பகல் முழுக்க சித்தி வீட்டில் இருந்துவிட்டு இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸ். ரயிலில் ஐந்து வயதுக்குக் கீழே தனிப் படுக்கை கேட்காவிட்டால் டிக்கெட்டே வேண்டாம். ஐந்திலிருந்து பன்னிரண்டுக்குள் என்றால் படுக்கை இல்லாமல் அரைக் கட்டணம், படுக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம். விமானத்தில் இரண்டு வயது முடிந்ததற்காகத் தனி சீட்டுக்குப் பணம் கட்டிவிட்டு வந்தவளுக்கு இது இனித்தது. ஆனால் படுக்கை கேட்காவிட்டால் பிள்ளை படுப்பது நம் படுக்கையில்தான். அந்த அகலத்தில் நான் சுவரோடு ஒட்டி, அவள் குறுக்கே. 2022-ல் வடக்கே லக்னோ மெயிலில் கீழ்ப் படுக்கையை ஒட்டி ஒரு குட்டிப் படுக்கையை மாட்டிச் சோதித்துப் பார்த்தார்கள். அது நம் பக்கம் வந்தால் முதல் ஆளாக நான் கேட்பேன்.

இங்கிலாந்துக்கும் ஊருக்கும் குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேர வித்தியாசம். இரவு ஏழு மணிக்குத் தூங்கிப் பழகியவளுக்கு இங்கே பன்னிரண்டரைக்குத்தான் கண் சொக்கும். ரயிலில் விளக்கெல்லாம் அணைந்த பிறகும் எதிர்ப் படுக்கைப் பெரியவர் கைக்குட்டையில் எலி செய்து காட்டிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன். "எனக்கும் தூக்கம் வராதும்மா, எலியாச்சும் கூட இருக்கட்டும்" என்றார்.

மதுரை வந்த முதல் வாரம் இந்த நேரக் குழப்பத்தை அப்பா கையில் எடுத்துக்கொண்டார். நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு விளையாடும் பிள்ளையை லண்டனில் என்ன செய்வது? இருட்டில் உட்கார்ந்து பாட்டுப் பாடலாம், அவ்வளவுதான். இங்கே தாத்தா சட்டையை மாட்டிக்கொண்டு அவளைத் தூக்கிக்கொண்டு தெருமுனைப் பரோட்டாக் கடைக்குப் போய்விட்டார். கொத்துப் பரோட்டா போடும் சத்தம் அவளுக்கு அப்படிப் பிடித்துவிட்டது. மாஸ்டர் இரண்டு கையிலும் தகடு பிடித்துக் கல்லில் தட்டுகிற தாளத்துக்கு இவள் தாத்தாவின் தலையில் தட்டுவாளாம். தூங்கா நகரம் என்று பெயர் வைத்தவர்களுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளையின் தூக்கமும் தெரிந்திருக்கும் போல.

டயப்பர் விஷயத்தை ஒரு வரியில் முடித்துவிடலாம்: சுமந்துகொண்டு போகாதீர்கள். எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் கடையில் "பேம்பர்ஸ்" என்று கேட்டால் கிடைக்கும். பெரும்பாலும் ஜட்டி மாதிரி மாட்டும் வகைதான், பக்கவாட்டில் ஒட்டும் வகை தேடித்தான் வாங்க வேண்டும்.

இனி கோயில். மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் பதினான்கு பேர் போனோம். 2018 பிப்ரவரியில் நடந்த தீ விபத்துக்குப் பிறகு உள்ளே கைபேசிக்கு அனுமதி இல்லை. எல்லாருடைய போனையும் வெளியே கொடுத்துச் சீட்டு வாங்கிக்கொண்டோம். கெட்டிக்காரத்தனமாக மகளின் கையில் என் நம்பரைப் பேனாவால் எழுதியிருந்தேன். அந்த நம்பர் அடித்தால் மணி ஒலிக்கப்போவது போன் வைக்கும் கவுண்டரில் என்பது உள்ளே போன பிறகுதான் உறைத்தது.

சாமி கும்பிட்டு வெளியே வரும்போது கூட்டம் எங்களை மூன்றாகப் பிரித்துவிட்டது. பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்திருந்த என் கணவர் "பாப்பா எங்கே?" என்றார். "அத்தைகிட்ட" என்றேன். அத்தை என்றால் மாமியார். அத்தை வந்தார், இடுப்பு காலி. "சித்திகிட்ட குடுத்தேனே." சித்தியிடமும் இல்லை. இடுப்புக்கு இடுப்பு பிள்ளை மாறும்போது யாரும் கையெழுத்துப் போட்டு வாங்குவதில்லை, எல்லாருக்கும் இன்னொருத்தரிடம் இருக்கிறது என்ற நிம்மதி. இருபது நிமிடம் இருக்கும். எனக்குக் காலே ஓடவில்லை. போன் இருந்தால் ஒரு நிமிட வேலை.

கடைசியில் முக்குறுணிப் பிள்ளையார் முன்னால் பெரியம்மா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார், மடியில் மகள், கையில் பாதி வாழைப்பழம். "தொலைஞ்சா இங்க வந்து நிக்கணும்னு சின்ன வயசுல உங்களுக்கெல்லாம் சொல்லிக் குடுத்தேனே, மறந்துட்டியா?" என்றார். உண்மைதான், மறந்துவிட்டேன். மூன்று குறுணி, அதாவது பதினெட்டுப் படி அரிசியில் சதுர்த்திக்கு ஒரே கொழுக்கட்டை செய்து படைக்கிற பிள்ளையார். அத்தனை பெரிய சிலையைத் தவறவிட முடியாது. பிள்ளையோடு போகிறவர்கள் உள்ளே நுழையும்போதே அந்த இடத்தைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். மதியம் நடை சாத்துவதற்குள் முடித்துவிடுவதும் நல்லது. உச்சி வெயிலில் வெறுங்காலோடு வெளியே வந்தால் பிள்ளை மறுபடி இடுப்புக்குத்தான் ஏறும்.

அடுத்தது பழனி. முதல் மொட்டை, புகுந்த வீட்டு வேண்டுதல். உறவு முழுக்க வேனில் வருவதாக ஏற்பாடு. இங்கேதான் நான் கெட்ட பெயர் வாங்கினேன். லண்டனிலிருந்து கார் சீட் கொண்டு போயிருந்தோம். அதை இறுக்கிக் கட்ட தோளோடு வரும் பெல்ட் வேண்டும். வேனில் அது இல்லை என்பதால் எங்களுக்கு மட்டும் ஏழு பேர் உட்காரும் கார் ஒன்று தனியாகச் சொன்னோம். "வேன்ல இடம் கிடக்கு, தனிக் காரு எதுக்கு? நாங்கல்லாம் மடியில வச்சுத்தானே வளத்தோம்" என்று அத்தை இரண்டு நாள் பேசவில்லை. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி பதினான்கு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குப் பெல்ட்டோ சீட்டோ இல்லாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம் என்று கணவர் எடுத்துச் சொன்னார். "போலீஸ் கேட்டா நான் கட்டுறேன்" என்றார் மாமனார். சட்டம் பேசி உறவை ஜெயிக்க முடியாது. திடீரென்று பிரேக் போட்டால் மடியில் இருக்கும் பிள்ளை நிற்காது என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

வாடகைக் கார் நிறுவனத்திடம் போனில் மூன்று முறை கேட்டிருந்தேன். "பின்னாடி பெல்ட் எல்லாம் இருக்கு மேடம்." காலை ஐந்து மணிக்குக் கார் வந்தது. பெல்ட்டும் இருந்தது. அதைச் சொருகும் கொண்டியைத்தான் காணோம். கையை விட்டுத் துழாவினால், மேலே இழுத்துத் தைத்த ரெக்சின் உறைக்குள் அது கல் மாதிரி தட்டுப்படுகிறது. கார் வாங்கிய நாளிலிருந்து யாரும் அதைத் தேடவே இல்லை. நான் பேசாமல் நின்றேன். ஓட்டுநர் தம்பி என் முகத்தைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், டாஷ்போர்டைத் திறந்து ஒரு பிளேடை எடுத்தார். "ஓனருக்கு நான் சொல்லிக்கிறேன்க்கா" என்று தையலை நாலு விரல் அகலத்துக்குப் பிரித்தார். உள்ளேயிருந்து சிவப்புப் பொத்தான் வைத்த கொண்டி, உறை போட்ட அன்றைய புதுக்கருக்கோடு எட்டிப் பார்த்தது. மடேரென்று சொருகினோம். அந்தச் சத்தம் மாதிரி இனிய சத்தத்தை அந்தப் பயணத்தில் நான் கேட்கவில்லை.

பழனியில் தைப்பூசக் கூட்டம் வடிந்து, பங்குனி உத்திரக் கூட்டம் தொடங்காத இடைவெளி. பிள்ளையோடு போக அந்த மாதிரி நாளைத்தான் பார்க்க வேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து அறநிலையத்துறைக் கோயில்களில் மொட்டைக்குக் கட்டணம் கிடையாது. சீட்டு வாங்கிக்கொண்டு போனால் போதும். தாய்மாமன் மடி என் தம்பியுடையது. மகள் அலறுவாள் என்று ஆளுக்கொரு பொம்மையோடு சுற்றி நின்றோம். மழிக்கிறவர் எல்லாரையும் பத்தடி தள்ளி நிற்கச் சொன்னார். "கூட்டத்தப் பாத்துத்தான் புள்ளைக பயப்படும், கத்தியப் பாத்து இல்ல." தலையில் தண்ணீரைத் தெளித்து, தேய்த்துத் தேய்த்து ஊறவிட்டார். அவளுக்கு அது குளியல் என்ற நினைப்பு. பாதித் தலை இறங்கிய பிறகுதான் அழத் தொடங்கினாள், அதுவும் கீழே விழுந்த முடியைப் பார்த்து. சந்தனம் பூசியதும் சரியாகிவிட்டது.

மலைக்கு ரோப்காரா விஞ்சா என்று விவாதம். 2004-லிருந்து ஓடும் ரோப்கார் சில நிமிடத்தில் மேலே கொண்டுபோய் விட்டுவிடும், விஞ்சுக்கு அதைவிட நேரமாகும். ஆனால் காற்று பலமாக அடித்தால் ரோப்காரை நிறுத்திவிடுவார்கள், மதியம் பராமரிப்புக்கும் நிறுத்துவார்கள். எங்களுக்குக் காற்று அடித்தது. விஞ்சில் போனோம், தண்டவாளத்தில் சாய்ந்து ஏறும் பெட்டி மகளுக்கு ரயிலைவிடப் பிடித்தது. இங்கேயும் 2023 அக்டோபரிலிருந்து போனுக்குத் தடை என்பதால் சந்தித்துக்கொள்ளும் இடத்தை இந்தத் தடவை கீழேயே பேசி முடித்தோம்.

மதுரை திரும்பியதும் மகளுக்குக் காய்ச்சல். வீட்டுப் பக்கத்தில் ஒரு குழந்தை மருத்துவர். காலை ஏழு மணிக்குப் போன் போட்டு டோக்கன் வாங்க வேண்டும். டோக்கன் இருபத்தி மூன்று என்றால் எத்தனை மணிக்கு என்று யாருக்கும் தெரியாது. இரண்டு மணி நேரம் காத்திருந்தோம், இருமுகிற பிள்ளைகளுக்கு நடுவே. உள்ளே போனால் மருத்துவர் அருமையாகப் பார்த்தார், 300 ரூபாய்தான் வாங்கினார். டோக்கன் வரிசை எங்கே நிற்கிறது என்று ஒரு மெசேஜ் அனுப்பினால் எத்தனை பேர் வீட்டிலேயே இருப்பார்கள்.

மருந்தில் ஒரு எச்சரிக்கை. பிரிட்டனில் சின்னப் பிள்ளைகளுக்கான பாராசிட்டமால் சிரப் 5 மில்லியில் 120 மில்லிகிராம். ஊரில் 5 மில்லியில் 125, 250 என்று இரண்டும் விற்கிறது. சொட்டு மருந்தோ ஒரே மில்லியில் 100. பழைய பழக்கத்தில் "ஒரு ஸ்பூன்" என்று ஊற்றினால் கணக்கு எங்கேயோ போய்விடும். அம்மா வீட்டு ஃபிரிட்ஜில் மூன்று வகையும் இருந்தன, மூன்றையும் "காச்சல் மருந்து" என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். பாட்டிலில் எழுதியிருப்பதைப் படித்து, மருத்துவர் சொன்ன அளவை மூடியிலேயே எழுதி ஒட்டினேன்.

தோழிகளைப் பார்த்தது புதுநத்தம் சாலையில், 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில். நூலகத்தில் அரட்டையா என்று கேட்காதீர்கள். குழந்தைகள் பகுதியில் நாலு பிள்ளைகளை விட்டுவிட்டு நாங்கள் கிசுகிசுத்தோம். நுழைவுக் கட்டணம் இல்லை, குளுகுளுவென்று இருக்கிறது, ஸ்ட்ரோலர் உருண்ட நாலு தடவையில் ஒன்று இங்கேதான். முந்தின வாரம் போன ஒரு மாலின் விளையாட்டுக் கூடத்தைவிட ஆயிரம் மடங்கு மேல். அங்கே மணிக்கணக்கில் கட்டணம், அதுபோக அவர்களிடம் காலுறை வாங்கினால்தான் உள்ளே விடுவார்கள். பிள்ளை காலில் ஏற்கெனவே காலுறை இருந்தது. "இது கிரிப் இல்ல மேடம்" என்றார்கள்.

டவுன் பஸ்ஸிலும் ஒரு நாள் போனோம். எனக்கும் அம்மாவுக்கும் மகளிர் இலவசப் பயணச் சீட்டு, ஐந்து வயதுக்குள் இருப்பதால் மகளுக்கும் இலவசம். கணவர் மட்டும் காசு கொடுத்தார், வழி முழுக்க அதைச் சொல்லிக் காட்டினோம். தம்பி ஸ்கூட்டரில் முன்னால் நிற்கவைத்துக் கூட்டிப்போகிறேன் என்றபோது ஒரே ஒரு தடவை, தெருவுக்குள் மட்டும் என்று விட்டேன். விட்டிருக்கக் கூடாது. அதன் பிறகு தினமும் சாயங்காலம் ஸ்கூட்டர் பக்கத்தில் போய் நின்று அழுதாள்.

கிளம்புகிற நாள் ஸ்டேஷனுக்கு அதே காரைத்தான் கூப்பிட்டோம். கார் சீட்டைத் தூக்கிக்கொண்டு குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். பிளேடால் பிரித்த இடத்தில் டெய்லர் ஓரம் மடித்துத் தைத்திருந்தார், கொண்டி அளவுக்குக் கச்சிதமாக. பக்கத்து சீட்டிலும், பின் வரிசையிலும் அதே மாதிரி. "ஓனர் பாத்துட்டு எல்லாத்தையும் பிரிக்கச் சொல்லிட்டாருக்கா" என்றார் தம்பி.

வழியனுப்ப வந்த அத்தை, என் மகளுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். அவள் பெல்ட்டைச் சரிபார்த்தார், இழுத்தும் பார்த்தார். தனக்குப் போட்டுக்கொள்ளவில்லை.